30-இல் நின்றுவிடும் கார், 50-இல் பிரேக்கையே தொட்டிருக்காது

ஒரே தெரு, ஒரே மாதிரியான இரண்டு கார்கள். ஒன்று மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிறது, மற்றது 50-இல். சரியாக 13.5 மீட்டர் தள்ளி, நிறுத்தியிருக்கும் வண்டிக்குப் பின்னாலிருந்து பந்தைத் துரத்திக்கொண்டு ஒரு குழந்தை ஓடி வருகிறது. இரண்டு ஓட்டுநர்களும் கவனமானவர்கள்தான். பார்த்தவுடன் பிரேக் போடுகிறார்கள்.

கண் பார்த்ததை மூளை புரிந்துகொண்டு கால் பிரேக்கை அழுத்துவதற்குள் சுமார் ஒரு நொடி ஓடிவிடும். எதிர்பாராத காட்சி என்றால் இன்னும் கூடவே ஆகும். அதுவரை வண்டி கொஞ்சமும் வேகம் குறையாமல் போய்க்கொண்டிருக்கும். 30-இல் வரும் கார் அந்த ஒரு நொடியில் 8.3 மீட்டர் கடக்கிறது. அப்புறம் காய்ந்த சாலையில் பிரேக் நன்றாகப் பிடித்தால் இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13.3 மீட்டர். குழந்தைக்கு ஒரு சாண் தூரத்தில் கார் நின்றுவிட்டது.

50-இல் வரும் கார் அதே ஒரு நொடியில் 13.9 மீட்டர் போய்விடும். கால் பிரேக்கில் படும் முன்பே மோதல் நடந்து முடிந்துவிட்டது. மோதும்போது வேகம் முழு 50. அந்த ஓட்டுநர் எவ்வளவு திறமைசாலி, அவருடைய பிரேக் எவ்வளவு புதியது என்பதற்கெல்லாம் அங்கே வேலையே இல்லை.

நகரத் தெருக்களில் வேக வரம்பை 30 ஆக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான்.

சரி, 50 வேண்டாம், 40-இல் போனால்? மேலே போட்ட அதே கணக்குப்படி 40-இல் வரும் கார் நிற்க 20 மீட்டர் வேண்டும். அந்த 20-ஆவது மீட்டரில் ஒருவர் நின்றால், 40-இல் வந்தவர் அவருக்கு முன்னால் நின்றுவிடுவார். 50-இல் வந்தவர்? வெறும் 10 கிலோமீட்டர்தானே கூடுதல், மோதினாலும் மெல்ல இடிப்பார் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்த இடத்தில் அவருடைய வேகம் மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்.

இதற்குக் காரணம் இயக்க ஆற்றல். அது வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. பிரேக் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றலைத்தான் கரைக்கும். அதனால் தொடக்க மீட்டர்களில் வேகம் கொஞ்சமாகவே குறைகிறது, நிற்கப்போகும் கடைசி மீட்டர்களில்தான் மளமளவென்று விழுகிறது. அந்தக் கடைசி மீட்டர்கள் கிடைக்காமல் போவதுதான் ஆபத்து.

மோதலின் வலுவை உயரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்பது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும்போது கிடைக்கும் வேகம். 50 என்றால் அந்த உயரம் கிட்டத்தட்ட 10 மீட்டர், மூன்று மாடி. மனித உடம்பு மாறவில்லை, ஆனால் இந்த எண்களின் வித்தியாசம்தான் அது தாங்குமா தாங்காதா என்பதை முடிவுசெய்கிறது.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நெருங்கி வரும் வண்டி நம் பார்வையில் பெரிதாகிக்கொண்டே வரும். அந்த வளர்ச்சியை வைத்துத்தான் அது வருகிறது என்பதையே உணர்கிறோம். தொடக்கப் பள்ளி வயதில் இந்தத் திறன் இன்னும் முழுமையாக வளர்ந்திருக்காது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மணிக்கு சுமார் 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் காரைச் சில நொடி தொலைவில் குழந்தைகளால் நம்பகமாக உணர முடியவில்லை என்று தெரிந்தது. ரோட்டைப் பார்த்துக் கடந்திருக்கக் கூடாதா என்று நாம் திட்டும் குழந்தை, பார்த்துவிட்டுத்தான் கடந்திருக்கலாம்.

ஒரு தெருவிலிருந்து மொத்தச் சாலைகளுக்கு வந்தாலும் இதே கதைதான். சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துகள் சுமார் 4 சதவீதம் கூடும் என்று சுவீடனைச் சேர்ந்த யோரன் நில்சன் கணித்தார். நகரத் தெருக்களில் இந்த விகிதம் சற்றுக் குறைவு என்று பின்னர் வந்த ஆய்வுகள் திருத்தின. ஆனாலும் வேகத்தில் சிறிய மாற்றம், சாவில் பெரிய மாற்றம் என்பது அப்படியேதான் இருக்கிறது.

நேரம் வீணாகுமே என்பார்கள். 5 கிலோமீட்டரை எங்கும் நிற்காமல் 50-இல் ஓட்டினால் 6 நிமிடம், 30-இல் 10 நிமிடம். ஆனால் எந்த ஊரில் நிற்காமல் ஓட்ட முடிகிறது? விரைந்து போய் அடுத்த சிக்னலில் காத்திருப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. மிச்சமாகும் நேரம் காகிதக் கணக்கைவிட மிகக் குறைவு.

போர்டு நட்டால் மட்டும் வேகம் பெரிதாகக் குறையாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அகலமான, நேரான சாலையில் ஓட்டுநரின் கால் தானாகவே அழுத்தும். சாலையைக் குறுக்கி, நடைபாதையை அகலமாக்கி, மக்கள் கடக்கும் இடத்தை மேடாக்கினால் 30 என்பது இயல்பான வேகமாகிவிடும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம் 1992-இலேயே முக்கியச் சாலைகள் தவிர மற்றதெல்லாவற்றையும் 30 ஆக்கியது. 2021-இல் பிரஸ்ஸல்ஸும் பாரிஸும் அந்த வழிக்கு வந்தன.

பின்லாந்தின் ஹெல்சிங்கி வரம்பையும் குறைத்தது, தெருக்களையும் மாற்றி அமைத்தது, கண்காணிப்புக் கேமராக்களையும் வைத்தது. இப்போது அதன் தெருக்களில் பாதிக்கு மேல் 30-தான். 2019-இல் அங்கே நடந்து சென்றவர்களில் ஒருவர்கூட வாகனம் மோதிச் சாகவில்லை. 2025 ஜூலையில், ஏறக்குறைய 7 லட்சம் பேர் வாழும் அந்த ஊர் சாலை விபத்தில் ஓர் உயிர்கூடப் போகாமல் முழுதாக ஓராண்டைக் கடந்திருந்தது.