மூன்று சக்கர மோட்டாரின் முன் ஃபோர்க்: சீலை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்

போன வாரம் பினாங்கில் இருக்கும் என் மோட்டார் கடைக்கு ஜெலுத்தோங்கிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போனவர். கப்சாய் என்று நாம் சொல்லும் சின்ன மோட்டாருக்குப் பின்னால் இரண்டு சக்கரம் பூட்டி, அதில்தான் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போய் வருகிறார். “தம்பி, ஃபோர்க்கில் ஆயில் ஒழுகுது, சீல் மாத்திக் குடு” என்றார். ஃபோர்க் என்பது முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் இரண்டு கால்கள். ஒவ்வொரு காலிலும் மேல் குழாய் கீழ்க்காலுக்குள் ஏறி இறங்கும், உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். இது எத்தனாவது தடவை என்று கேட்டேன். எட்டு மாதத்தில் மூன்று தடவை மாற்றியாகிவிட்டதாம், மூன்றும் வெவ்வேறு கடைகளில்.

குனிந்து பார்த்தேன். பிரேக் டிஸ்க் இருக்கும் பக்கத்துக் காலில் ஆயில் வழிந்து இறங்கி, டிஸ்க்கெல்லாம் பளபளத்தது. பிரேக் பேட் ஊறிப் போயிருந்தது. கையால் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளினேன், சக்கரம் நிற்காமல் உருண்டது. இந்த நிலையில் அவர் தினமும் லிம் சோங் யூ நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஓட்டியிருக்கிறார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த மாதத்தில் இப்படி வந்த நான்காவது மூன்று சக்கர வண்டி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

சீல் மாற்றியவர்கள் யாரும் மேல் குழாயை விரலால் தடவிப் பார்க்கவில்லை. நான் தூசி சீலைத் தூக்கினேன், அடியில் செம்மண்ணும் ஆயிலும் களிம்பாக அப்பியிருந்தது. துடைத்துவிட்டு நகத்தை மேலிருந்து கீழே இழுத்தேன். சீலுக்கு இரண்டு விரற்கடை மேலே நகம் தட்டி நின்றது. பாதிக் கடுகு அளவில் நான்கைந்து துருக்குழிகள். ஒவ்வொரு பள்ளத்திலும் ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் குழிகள் புது சீலின் உதட்டை அரம் மாதிரி அறுக்கும். புது சீல் எத்தனை நாள் தாங்கும்? குழாயைக் கழற்றிக் கண்ணாடிமேல் உருட்டினேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது, வளைந்திருக்கிறது. வளைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் குழாயைச் சுழற்றிப் பார்த்தால் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் ஆடக் கூடாது என்பது பல ஹோண்டா கையேடுகளில் உள்ள அளவு. கண்ணுக்கே தெரிகிற வளைவுக்கு கேஜே தேவையில்லை.

இனி என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். “மூணு சக்கரம் இருக்கு, வண்டி சாயாது, விழாது. முன் ஃபோர்க்குக்கு என்ன பெரிய வேலை?” வாடிக்கையாளர்கள் கேட்டால் பரவாயில்லை. மோட்டார் கடைக்காரர்களே கேட்கிறார்கள்.

சாயாது என்பதுதான் பிரச்சினையே. இரண்டு சக்கர மோட்டார் வளைவில் சாய்கிறது. அதனால் தரையிலிருந்து வரும் விசை பெரும்பாலும் ஃபோர்க்கின் நீளவாட்டிலேயே ஏறுகிறது. குழாய் அதைத் தாங்கும், அதற்காகத்தான் செய்திருக்கிறார்கள். மூன்று சக்கர வண்டியோ நிமிர்ந்தபடியே திரும்புகிறது. முன் டயர் அடியில் பக்கவாட்டில் இழுக்கிறது, மேலே வண்டியின் எடை வேறு பக்கம் தள்ளுகிறது. பொங்கல் கரும்பை நிமிர்த்தி வைத்து மேலிருந்து அழுத்திப் பாருங்கள், தாங்கும். அதையே முழங்காலில் வைத்து இரண்டு பக்கமும் அமுக்கினால் முறிகிறது. கப்சாயின் ஃபோர்க் குழாய் பெரும்பாலும் 26 மில்லிமீட்டர்தான். ஒவ்வொரு சந்தியிலும் அதை முழங்காலில் வைத்து அமுக்குகிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பின் சக்கரங்களில் ஒன்று குழியில் இறங்கினால் வண்டியின் சட்டம் முழுவதும் அந்தப் பக்கம் சாய்கிறது. முன் சக்கரமும் அதோடு சேர்ந்து முறுக்கப்படுகிறது. கைப்பிடி வெடுக்கென்று இழுப்பது அதனால்தான். இதெல்லாம் சேர்ந்து குழாயை ஒரே பக்கமாக உரசி உரசித் தேய்க்கிறது. பெரிய ஃபோர்க்குகளில் குழாய்க்கும் கீழ்க்காலுக்கும் நடுவே உரசலைத் தாங்கும் வளையம், அதாவது புஷ், தனியாக இருக்கும், மாற்றிவிடலாம். கப்சாய்களில் பெரும்பாலும் தனி புஷ் கிடையாது. கீழ்க்கால் அலுமினியமே தேயும். தேய்ந்த காலுக்குள் குழாய் ஆடினால் எந்த சீலும் நிற்காது. காலையே மாற்ற வேண்டும்.

ஹார்லி டேவிட்சன் 2009ஆம் ஆண்டு மாடலாக டிரை கிளைட் என்ற மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தபோது, இரண்டு சக்கர வண்டியின் முன்பக்கத்தை அப்படியே எடுத்துப் பூட்டிவிடவில்லை. கைப்பிடி லேசாகத் திரும்புவதற்காக ஃபோர்க்கின் சாய்வை மாற்றினார்கள், கைப்பிடி ஆடாமல் அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் போட்டார்கள். நாமோ பின்னால் அச்சை வெல்டிங் செய்துவிட்டு முன்பக்கத்தைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

சாய்வு என்றதும் பட்டர்வொர்த் பையன் ஒருவன் ஞாபகம் வருகிறான். அவனுடையது நீட்டு ஃபோர்க்கைப் படுக்க வைத்த சொப்பர் பாணி மூன்று சக்கர வண்டி, பார்க்க அழகுதான். ஆனால் ஃபோர்க் படுக்கப் படுக்க வளைக்கும் விசை கூடும், குழாய் உள்ளே சிக்கிச் சிக்கி நகரும். திருப்ப கனமாக இருக்கிறது என்று யாரோ சொல்லி, ஃபோர்க்கை வண்டியோடு பிடிக்கும் மேல் கீழ் கிளாம்ப்பை மாற்றி ட்ரெயிலைக் குறைத்திருந்தான். ட்ரெயில் என்பது கைப்பிடி சுழலும் அச்சை நேர்கோடாகத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள இடைவெளி. பெரிய மோட்டார்களில் 100 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். மூன்று சக்கரத்துக்கு அதைக் குறைப்பது சரிதான். அளக்காமல் குறைத்தால் கைப்பிடி நடுங்க ஆரம்பிக்கும். அவனுக்கு 40 கிலோமீட்டர் வேகத்திலேயே நடுங்கியது. ஃபோர்க் அமைப்பையோ சட்டத்தையோ மாற்றுவதற்கு முன்னால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு வெல்டிங்கைப் பற்றி யோசிக்கலாம்.

அப்புறம் ஆயில். “கெட்டியா ஊத்துங்க, கூடவே ஊத்துங்க, ஒழுகினாலும் மிச்சம் இருக்கும்” என்பார்கள். தயவுசெய்து வேண்டாம். ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. அந்த இடத்தையும் ஆயிலால் அடைத்துவிட்டால் பள்ளத்தில் அழுத்தம் போக வழியில்லாமல் சீலையே பிதுக்கித் தள்ளும். கையேட்டில் சொன்ன அளவு, இரண்டு காலிலும் ஒரே அளவு, அவ்வளவுதான். மீந்த என்ஜின் ஆயிலை ஊற்றும் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

ஃபோர்க்கைப் பிரித்தால் இரண்டு காலையும் சேர்த்தே பிரியுங்கள். அடி போல்ட்டின் செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். குழாயின் நுனியில் பிளாஸ்டிக் பை சுற்றி, ஆயில் தடவி சீலை இறக்குங்கள், இல்லையென்றால் மாட்டும்போதே உதடு கிழியும். குழிவிழுந்த குழாயை மணல்தாளால் தேய்த்து ஏமாறாதீர்கள். ஹார்ட் குரோம் பூச வேண்டும், அல்லது புதுக் குழாய். ஆயில் குடித்த பிரேக் பேடைக் கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள். சக்கரத்தைப் பூட்டியதும் முன் அச்சைக் கடைசியாக இறுக்குவதற்கு முன்னால் ஃபோர்க்கை நான்கைந்து தடவை அமுக்கி விடுங்கள், கால்கள் தாமாக நேராகும். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திக் கைப்பிடியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ‘டக்’கென்று உட்கார்ந்தால் கைப்பிடி சுழலும் கழுத்துப் பேரிங்கும் போய்விட்டது.

நம் ஊரில் கடல் காற்றும் வெள்ளமும் வேறு. ஜாலான் பி. ரம்லி பக்கம் தண்ணீரில் இறங்கி வந்திருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவி, குழாயைத் துடைத்து லேசாக ஆயில் தடவுங்கள். நுரை போட்டுக் கழுவும் ஸ்னோ வாஷ் கடையில் அழுத்தத் தண்ணீரை நேராக சீலில் அடிக்கவிடாதீர்கள். என் கையில் இருக்கும் மூன்று சக்கர வண்டிகளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஃபோர்க் ஆயில் மாற்றுகிறேன். ஓடுவது குறைவுதானே என்று நான் தள்ளிப்போடுவதில்லை.

அந்த அண்ணனுக்கு இரண்டு குழாய், இரண்டு கீழ்க்கால், சீல், பேட் எல்லாம் புதிது. இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்க ஒரு குறுக்குப் பட்டையும் பூட்டினேன். பாகம் வந்து சேரும்வரை இரண்டு நாள் அவருடைய மகன்தான் வேலைக்குக் கொண்டுபோய் விட்டான்.

உங்கள் வண்டியில் சந்தேகம் இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கொண்டுவாருங்கள், பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை. பிரேக் வழுக்கினால் ஓட்டி வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள். கழுவிவிட்டும் வராதீர்கள். ஒழுகின தடம் அப்படியே இருந்தால்தான் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.