முன்பணம் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையோர ஊர்களுக்கான வாழ்வாதாரக் குழு ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் வேலை மானியத்தில் ஏதாவது வாங்கித் தருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் வரை, மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரை மானியம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பம் எழுதுவது, மீன்வளத் துறை அலுவலகத்துக்கு அலைவது எல்லாம் எங்கள் பாடுதான். ஆனால் எங்கள் பொழுதில் பெரும்பகுதி, கரையில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடு வரவு செலவு எழுதுவதிலேயே போகிறது. எழுத எழுதத் தெரிய வருவது இதுதான்: மீனின் விலை ஏலத்தில் முடிவாவதில்லை. வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

நண்டுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். இந்தக் கரையில் ஓலைக்கால் நண்டுதான் நாட்டுப்படகுக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. அதன் சதை டப்பாவில் அடைபட்டு அமெரிக்கா வரை போகிறது. விடியற்காலையில் வத்தை (சிறு நாட்டுப்படகு) கரையேறியதும் குடும்பமே வலையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். கால் ஒடியாமல் நண்டு கழற்றுவது பொறுமையான வேலை. கால் ஒடிந்தால் ரகம் மாறி விலை இறங்கிவிடும். கழற்றிய நண்டு கூடையோடு எடைக்குப் போகும். தராசு வியாபாரியுடையது, நோட்டும் அவருடையது. ரகம் பிரிப்பதும் ஈரத்துக்குக் கழிவு போடுவதும் அவரே. "இன்னைக்கு என்ன விலை?" என்று யாரும் கேட்பதில்லை. அவரிடம் முன்பணம் வாங்கியவர் வேறு தராசுக்குப் போக முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

அந்த முன்பணத்துக்கு வட்டி கிடையாது. "வட்டியே வாங்காம ஒரு லட்சம் தந்தாரு சார், நல்ல மனுசன்" என்று சொல்லும் அண்ணன்மார்களிடம் நாங்கள் போட்டுக் காட்டும் கணக்கை இங்கே தருகிறேன். எண்களை உங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு லட்சம் முன்பணம். ஒரு நாளுக்குச் சராசரியாக 15 கிலோ நண்டு. முன்பணம் வாங்காதவருக்குத் தரும் விலையைவிடக் கிலோவுக்கு 30 ரூபாய் குறைவு. நாளுக்கு 450 ரூபாய் போகிறது. இந்தக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று முறை இருக்கிறது. காற்று மழை, நல்லது கெட்டது போக மாதம் 15 நாள் தொழில் என்றே வைத்தாலும் 6,750 ரூபாய். ஆறு மாதத்தில் 40,500. அத்தனையும் போன பிறகும் அசல் ஒரு லட்சம் அப்படியே நிற்கும். அதே ஒரு லட்சத்தை மீனவர்களுக்கான கிசான் கடன் அட்டையில் எடுத்தால் 7 சதவீத வட்டி, ஒரு வருடத்துக்கு 7,000 ரூபாய். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடி போக 4,000 ரூபாய்தான். வங்கி ஒரு வருடத்துக்குக் கேட்பதை நல்ல மனுசன் ஒரே மாதத்தில் எடுத்துவிடுகிறார்.

கூடை எடைக்குப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு தூக்குத் தராசில் போட்டு எழுதிவையுங்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்கிறோம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம். தேதி, நம் எடை, அவர் எடை, அவர் போட்ட விலை, பக்கத்துத் தராசின் விலை. இந்த ஐந்தும் ஒரு மாதம் எழுதப்பட்டால் போதும், அதற்கு மேல் நாங்கள் எதையும் விளக்கத் தேவை இருக்காது.

வியாபாரியைக் கெட்டவர் என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அது உண்மையும் ஆகாது. நடு இரவில் பிள்ளைக்கு மூச்சு இரைக்கும்போது ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குப் பணம் தருவது அவர்தான். வாடைக்காற்று வீசி ஐப்பசி, கார்த்திகையில் வலை காய்ந்து கிடக்கும் நாட்களில் அரிசிக்குக் கொடுப்பதும் அவர்தான். ஆதார் நகல் கேட்க மாட்டார், "அடுத்த வாரம் வாங்க" என்றும் சொல்ல மாட்டார். வெளியிலிருந்து வந்த பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் இடறின. பழைய கடனை அடைத்து மீனவரை விடுவித்தார்கள். அடுத்த அவசரத்துக்கு யார் தருவார் என்று யோசிக்கவில்லை. இன்ஜின் பழுதானதும் அந்த மீனவர் அதே வியாபாரியின் வாசலில் போய் நின்றார். இந்த முறை விலைக்குறைப்பு இன்னும் கூடுதல்.

ஆகையால் எங்கள் வரிசையே வேறு. முதலில் குழுவுக்குள் அவசர நிதி. நண்டு நன்றாகப் படும் மாதங்களில் ஒவ்வொரு வீடும் வாரம் நூறோ இருநூறோ போட்டு வரும் பணம். அதிலிருந்து கேட்ட அன்றே ஐயாயிரம் எடுத்துத் தர முடிகிற நிலை வந்த பிறகுதான் வியாபாரிக் கடனைப் பற்றிப் பேச்சை எடுக்கிறோம். சிறு மீனவர் சங்கங்களில் பழகிப்போன முறை ஒன்று உண்டு. பிடித்த மீனைச் சங்கமே கரையில் ஏலம் விடும். விற்ற பணத்தில் ஒரு பங்கைக் கடனுக்கும் ஒரு பங்கைச் சேமிப்புக்கும் பிடித்துக்கொண்டு மீதியைக் கையில் தரும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கரைகளில் இது பல்லாண்டாக நடக்கிறது. சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டின் மற்றக் கரைகளுக்கும் கொண்டுவரப்பட்டது. மீன் பட்ட நாளில் கூடுதலாகவும் படாத நாளில் குறைவாகவும் கடன் தானே கழிந்துபோகும் இந்த ஏற்பாடு கடல் தொழிலுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. வங்கியின் மாதத் தவணைக்கு அந்தப் பொருத்தம் இல்லை.

கிசான் கடன் அட்டைக்கு எப்போது போவது என்பதும் முக்கியம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அந்த நாட்களில் கரையில் நிற்கும். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் வீட்டுச் செலவுக்கே பற்றாது. படகு பழுது பார்க்க, வர்ணம் அடிக்க, வலை வாங்க என்று பெரிய முன்பணங்கள் கைமாறுவது இந்தக் காலத்தில்தான். மே மாதக் கடைசியில் வங்கி வாசலை மிதித்தால் ஜூன் 15-க்குப் பணம் வராது. தை, மாசியிலேயே காகிதங்களைச் சேர்த்துவிட வேண்டும்: ஆதார், வங்கிப் புத்தகம், மீனவர் நல வாரிய அட்டை, படகுப் பதிவுச் சான்று. ஆதாரில் ஒரு பெயர், வாரிய அட்டையில் ஒரு பெயர், படகுப் பதிவு இறந்துபோன அப்பா பெயரில் என்று இருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் ஏராளம். படகுப் பதிவைப் பெயர் மாற்றுவதை அப்பா இறந்த வருடத்திலேயே முடித்துவிடுங்கள்.

பெண்கள் நிலைமை இதைவிடக் கடினம். கருவாடு போடும் அக்காவிடம் படகு கிடையாது. அதனால் கடன் அட்டைக்குப் போனால் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. சூடை மீன் குவியும் நாளில் கையில் பணம் இருந்தால்தான் அவரால் மலிவாக வாங்க முடியும். இல்லாவிட்டால் மீன்தூள் கம்பெனி லாரி அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த ஒரு நாள் பணத்துக்காகக் கருவாட்டு வியாபாரியிடமோ, கடன் கொடுத்து நாள்தோறும் வசூலிக்கும் தண்டல்காரரிடமோ போகிறார். தண்டல் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார்கள், நாளுக்கு 100 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கேட்க 15 சதவீதம் போல இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வட்டி 120 சதவீதத்தைத் தொடுகிறது. 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. இதை அறிந்த பெண்களை நான் கரையில் அதிகம் பார்த்ததில்லை.

இவர்களுக்கு வழி மகளிர் சுய உதவிக் குழுவின் வங்கிக் கடன்தான். அதிலும் கடனைப் பதினைந்து பேருக்கும் சமமாகப் பிரித்துவிடும் வழக்கத்தை விடச் சொல்லி மன்றாடுகிறோம். கருவாடு போடுகிறவருக்கு மீன் வரத்துள்ள மாதத்தில் நாற்பதாயிரம் வேண்டும், வீட்டுச் செலவுக்குக் கேட்கிறவருக்கு ஐந்தாயிரம் போதும். சமமாகப் பிரித்தால் கருவாட்டு அக்கா மீதிக்குத் தண்டலுக்குத்தான் போவார். மானியத்தில் வந்த சோலார் உலர்த்திகள் பூட்டிக் கிடப்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். உலர்த்தத் தெரியாமல் யாரும் இல்லை, உள்ளே போட மீன் வாங்கப் பணம் இல்லை. உலர்த்தி கேட்டு மனு எழுதும்போதே நடைமுறை மூலதனத்துக்கும் சேர்த்து எழுதுங்கள். மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 ஆகத் தருகிறது. சிறு தொகைதான், ஆனாலும் விட்டுவிட வேண்டாம்.

முன்கூட்டி வாங்கியதற்காக ஒருவரிடமே விற்க வேண்டி வருமா என்ற கேள்வி கடற்பாசி வளர்ப்புக்கும் பொருந்தும். எங்கள் மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி ரூபாய்ச் செலவில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், இனி இந்தப் பக்கம் பாசி வளர்க்கும் மிதவைகள் கூடும். மூங்கிலும் கயிறும் விதைப்பாசியும் இனாமாகத் தர ஒருவர் வந்தால், பாசியை வேறு ஆளுக்கு விற்கலாமா என்று முதல் நாளே கேளுங்கள். 2013-14-இல் இந்தக் கரை முழுக்கப் பாசி வெந்து அழிந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி மறுபடி நடந்தால் நட்டம் யாருடையது என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

வியாபாரிக் கடனை அடைத்து முடிக்கப் போகிறவர்களுக்கு: தனியாகப் போகாதீர்கள். ஊர்த் தலைவரையும் குழுவில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கணக்கு நோட்டின் பக்கத்தை போட்டோ எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். எழுதாத பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் அது கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். பணம் முழுதும் வந்து சேர்ந்தது என்று தேதி போட்டு அவர் கையெழுத்து வாங்குங்கள். மறுநாள் அவரிடமே நண்டைக் கொண்டுபோவதில் தவறில்லை. விலை கேட்டுவிட்டுக் கூடையை இறக்குங்கள்.