மோட்டார் அறையில் ரீங்காரம், மரத்துக்குள் நறநறப்பு

மழைக்காலம் தொடங்கிவிட்டால் பயிர்ப் பாதுகாப்பு ஆலோசனைக்காக எனக்கு வரும் அழைப்புகளில் பல, சத்தத்தைப் பற்றியவை. "தோட்டத்தில் ஏதோ கத்துகிறது, மருந்து சொல்லுங்கள்" என்பார்கள். எது கத்துகிறது என்று பார்த்தீர்களா என்றால், பார்த்திருக்கமாட்டார்கள். மருந்து மட்டும் உடனே வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு வீட்டில், இருட்டத் தொடங்கியதும் மோட்டார் அறையருகே விடாத ரீங்காரம். மின்கசிவோ என்று பயந்து வீட்டுக்கார அம்மா எலெக்ட்ரீஷியனை இருமுறை அழைத்துவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்தும் சத்தம் ஓயவில்லையாம். ஆனால் நான் கிட்டே போனதும் ஓய்ந்துவிட்டது. காலடி அதிர்வு பட்டால் இப்படிக் கத்தும் பூச்சிகள் அடங்கிவிடும். பத்து நிமிடம் அசையாமல் நின்றோம், மீண்டும் தொடங்கியது. அவர் ஒரு மூலையிலும் நான் இன்னொரு மூலையிலும் நின்று, சத்தம் வரும் திசைக்குக் கைநீட்டினோம். இரண்டு கைகளும் காட்டியது, குழாய் கசிந்து ஊறிக் கிடந்த மண்ணை.

பிள்ளைப்பூச்சி! ஆண், தன் வளையின் வாயைக் கோயில் கூம்பு ஒலிபெருக்கியைப் போல விரித்துத் தோண்டி, உள்ளே இருந்தபடி இறக்கைகளை உரசிப் பெண்ணை அழைக்கும். நாற்றின் வேரைக் கடிக்கும் என்பது உண்மைதான். ஒன்றிரண்டுக்காக மருந்து வேண்டாம், குழாய்க் கசிவை அடைத்துவிடுங்கள் என்றேன். அம்மாவுக்கு ஏமாற்றம்.

பகலில் மரத்திலிருந்து காதைத் துளைத்தால் அது சில்வண்டு. வயிற்றின் இருபுறமும் உள்ள சவ்வை அதிரவைத்து எழுப்பும் சத்தம். இரவில் விட்டுவிட்டு ஒலிப்பது பெரும்பாலும் சுவர்க்கோழி. சுவர்க்கோழிகளில் செடியிலேயே வாழும் வெளிர்பச்சை இனம் ஒன்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் அதை ஆராய்ந்திருக்கிறார்கள். குரல் சன்னமான ஆண், இலையில் ஓட்டை கடித்து, அதில் தலையை நுழைத்து, இறக்கைகளை இலையோடு படியவைத்துப் பாடுமாம்; இலை அதன் சத்தத்தைக் கூட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கும்வரை, இலையில் எந்த ஓட்டையைப் பார்த்தாலும் புழு என்றுதான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கத்தரிப் பூவில் திடீரென்று 'ர்ர்ர்' என்று சுருதி ஏறினால், பலரும் கருவண்டு என்று விரட்டும் தச்சுத் தேனீ வந்திருக்கிறது. கத்தரியின் மகரந்தப் பைக்கு நுனியில் சிறு துளைதான் வாசல். அதிர்த்தால்தான் மகரந்தம் கொட்டும். தேனீயை விளக்குமாற்றால் அடித்துவிட்டு, காய் பிடிக்கவில்லை என்று என்னிடமே வருகிறவர்கள் உண்டு.

அந்த வீட்டிலிருந்து கிளம்பும்போதுதான் வாசல் ஓரத்துத் தென்னையைக் கவனித்தேன். ஒன்பது வயது மரம். உள்வட்டத்து மட்டைகள் மஞ்சளாகியிருந்தன. தண்டில் ஒரு துளை, அதிலிருந்து வழிந்து காய்ந்த பழுப்புச் சாறு, துளை வாயில் மென்று துப்பியது போல நார். தண்டில் காதை வைத்தேன். நறநற. அம்மாவையும் வைக்கச் சொன்னேன்.

"உள்ளே யாரோ முறுக்கு தின்கிற மாதிரி இருக்கிறதே!"

சிவப்புக் கூன்வண்டின் புழுக்கள். பெரும்பாலும் 5 முதல் 20 வயது மரங்களில்தான் இறங்கும். நம் காதுக்கு எட்டும் அளவுக்கு நறநறப்பு வந்துவிட்டால், உள்ளே பெரும் சேதம் நடந்து முடிந்திருக்கும். தாய்வண்டு முட்டையிடத் தேடுவது மரத்தின் காயத்தை. காண்டாமிருக வண்டு குருத்தில் போடும் ஓட்டையும் அதற்கு வாசல்தான். இங்கே காயம் அரிவாளால் வந்தது. போன கோடையில் பந்தலுக்காகப் பச்சை மட்டைகளைத் தண்டை ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். வெட்டியே ஆகவேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். ஏறுவதற்காகத் தண்டில் படி செதுக்கவே கூடாது.

மரம் பிழைக்கவில்லை. வெட்டிப் பிளந்து, புழுவும் அது நாரால் பின்னிய கூடுமாக எரித்தோம். மிச்சமிருக்கும் நான்கு தென்னைகளிலும் அந்த அம்மா இப்போது வாரம் ஒருமுறை காதை வைத்துப் பார்க்கிறாராம், விடியற்காலையில், சில்வண்டு தொடங்குவதற்கு முன்.