வைரம் பாய்ந்த: சொல்லின் பொருளும் பிறப்பும், 'காழ்த்த' என்னும் பழஞ்சொல்லும்

சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுக்கு ஓடு மாற்றினோம். கூரையைத் தாங்கும் கைமரமாகக் கிடந்த பனங்கைகளில் (பனைமரச் சட்டங்களில்) ஒன்றை ஆசாரி அண்ணாச்சி இறக்கி, நுனியை ரம்பத்தால் அறுத்துக் காட்டினார். ஓரமெல்லாம் கன்னங்கரேலென்று, ஈர்க்குச்சிகளை நெருக்கி அடுக்கியதுபோல நார் நாராக இருந்தது. உள்பக்கம் ஒட்டியிருந்த வெளிறிய சோறு, அதாவது மரத்தின் மெத்தென்ற உட்பகுதி, நகம் பட்டதும் உதிர்ந்தது. "ஒங்க பாட்டையா காலத்துப் பனை, தம்பி. வைரம் பாஞ்சது. ஆணி அடிச்சா ஆணிதான் மடங்கும். துளை போட்டுல்லா இறக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலமே அதே சொல்லை வேறொரு பொருளில் கேட்டேன். எதிர்வீட்டு ஆச்சி, எண்பதைத் தாண்டியவர், ஆற்றில் குளித்துவிட்டு ஈரச்சேலையோடு குடத்தை இடுப்பில் வைத்துப் போனார். திண்ணையில் இருந்தவர் சொன்னார்: "அவுகளுக்கென்ன, வைரம் பாஞ்ச கட்டை."

உடலுக்கும் உள்ளத்துக்கும் நாம் வழங்கும் இந்த அடைமொழி மரத்திலிருந்து வந்தது என்பதற்குக் கூடவே வரும் 'கட்டை'யே சாட்சி. தேக்கும் வேம்பும் ஆண்டுதோறும் வெளிப்பக்கம் புதுமரம் சேர்த்துப் பருக்கின்றன. உள்ளே அகப்பட்ட பழைய பகுதி உயிரடங்கி, பிசினும் நிறமும் ஏறி இறுகுகிறது. அதுதான் மரவைரம். இளமரத்தில் அது இருக்காது. பல வருஷம் ஆக வேண்டும்.

'பாய்ந்த' என்பதைப் பலர் குதித்தல் என்று எடுத்துக்கொண்டு குழம்புகிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு அந்தக் குழப்பம் வரவேண்டியதில்லை. "வயலுக்குத் தண்ணி பாஞ்சாச்சா?" என்று கன்னடியன் கால்வாய்ப் பாசனத்திலும் பாளையங்கால்வாய்ப் பாசனத்திலும் தினம் கேட்கிறோமே, அதே பாய்தல்தான் இது. மடையைத் திறந்ததும் தண்ணீர் பாத்தி பாத்தியாக ஊறிப் பரவுகிறது. கடினமும் மரத்துக்குள் அப்படித்தான் பரவி நிறைகிறது.

இனி வைரம். வடமொழி 'வஜ்ரம்' பிராகிருதத்தின் வழியே தமிழுக்கு வந்து 'வயிரம்' ஆயிற்று. 'வைரம்' அதன் இன்னொரு வடிவம். எழுத்தில் இரண்டும் சரியே. வஜ்ரம் இந்திரனின் ஆயுதத்துக்கும் பெயர், மணிக்கும் பெயர். மணியின் கடினம் மனத்துக்கு ஏறுவது தமிழில் மட்டும் நடந்ததன்று. கிரேக்கத்தில் 'அடமாஸ்' என்றால் அடக்க முடியாதது. அதிலிருந்தே ஆங்கிலத்துக்கு டயமண்டும் வந்தது, விட்டுக்கொடுக்காதவரைச் சொல்லும் அடமன்ட்டும் வந்தது. பிள்ளைகள் பிடிக்கும் 'அடம்' இதோடு ஒலியில் ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது.

ஒலி ஒத்துப்போய் ஏமாற்றும் சொற்கள் நம்மிடமே இரண்டு உண்டு. பகையைக் குறிக்கும் வைரம் (அதிலிருந்து வந்ததே 'வைரி') வடமொழியில் வேறு சொல். 'வைராக்கியம்' இன்னொன்று, பற்று அற்ற நிலை என்னும் 'விராக'த்திலிருந்து பிறந்தது. தம்பி வீட்டு வாசலைப் பத்து வருஷமாக மிதிக்காதவரை "வைராக்கியக்காரி" என்கிறோம். பற்றை விட்ட நிலைக்குப் பெயரான சொல், பிடித்த பிடியை விடாததற்குப் பெயராகிவிட்டது. வைரம் என்ற ஒலி உள்ளே கேட்பதும் அந்த மாற்றத்துக்குத் துணை செய்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

சரி, வைரம் வடசொல் என்றால் மரத்தின் இந்தக் கடினத்தைத் தமிழில் என்ன சொல்வது? காழ். மரத்தின் உள்வலிமைக்கும், பழத்தின் கொட்டைக்கும் பழந்தமிழ் வைத்த பெயர் இது. தொல்காப்பிய மரபியல் செடிகொடிகளைப் பிரிப்பதற்கே இதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறது:

புறக்கா ழனவே புல்லென மொழிப
அகக்கா ழனவே மரமென மொழிப

வெளியே காழ் உடையது புல், உள்ளே காழ் உடையது மரம். இந்தக் கணக்கில் உடன்குடித் தேரிக்காட்டில் நெடுநெடுவென்று நிற்கும் பனையும் புல்தான். எங்கள் வீட்டுப் பனங்கையின் அறுத்த நுனியில் கரிய ஓரத்தையும் வெளுத்த சோற்றையும் பார்த்தபோது, பள்ளியில் மனப்பாடம் செய்த நூற்பா முதன்முறையாக எனக்குக் கண்ணில் தெரிந்தது.

காழின் எதிர்ச்சொல் வெளிறு. "அரியகற்று ஆசற்றார் கண்ணும்" எனத் தொடங்கும் குறளில் அறியாமைக்கு வள்ளுவர் இட்ட பெயர் இது. காழ் உள்வலிமை, வெளிறு அது இல்லாமை. காழின் வினையும் குறளில் இருக்கிறது:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து

'காழ்த்த' என்பதே நாம் தேடும் பெயரெச்சம். வைரம் பாய்ந்த என்ற இரண்டு சொல்லின் வேலையை இது ஒன்றே செய்யும். இந்தக் குறள் முள்மரத்தைப் பகைக்கு உவமையாக்குகிறது. இன்றைக்கு நம்மிடம் மிஞ்சியதும் அந்தப் பக்கம் மட்டுமே: காழ்ப்பு, காழ்ப்புணர்ச்சி. வெறுப்பு இறுகினால் காழ்ப்பு என்கிறோம்; அன்போ கொள்கையோ இறுகினால் சொல்லச் சொல் இல்லாமல் நிற்கிறோம். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். சொல் கையில் இருக்கிறது, பாதியைத் தொலைத்துவிட்டோம்.

வாக்கியத்தில் அமைக்கும்போது காலத்தை மறக்கக் கூடாது. "இன்று காலை வைரம் பாய்ந்த முடிவை எடுத்தார்" என்று எழுதினால் தவறு. காலையில் எடுத்த முடிவில் மதியத்துக்குள் வைரம் பாயாது. அங்கே 'உறுதியான' போதும். மிட்டாய்க்கு அழும் பிள்ளை பிடிவாதக்காரன், அவ்வளவுதான். இரக்கமில்லாதவனை வன்னெஞ்சன் என்போம். ஆண்டுக்கணக்கில் வெயிலையும் அடியையும் வாங்கி இறுகிய ஒன்றுக்கே இந்த அடை பொருந்தும்.

1908-இல் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார்கள். சிறையில் செக்கிழுத்து 1912-இல் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி கைவிட்டுப் போயிருந்தது. வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமாகிய சன்னதும் இல்லை. அந்த வறுமையிலும் 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். "காழ்த்த நெஞ்சர் வ.உ.சி." என்று தயங்காமல் எழுதலாம்.

ஒலியில் நெருங்கும் 'காய்த்த'வோடு மட்டும் கலந்துவிடக் கூடாது. பனையேறியின் உள்ளங்கையும் நெஞ்சுத்தோலும் மரத்தில் உரசி உரசிக் காய்த்துப்போனவை. அது தோலின் கடினம். மழை பொய்த்த வருஷத்திலும் விடியுமுன் பாளை சீவ ஏறுகிற அவருடைய மனம் இருக்கிறதே, அது காழ்த்தது. ஒரே வரியில் எழுதிப் பார்த்தேன்: "காய்த்த கையும் காழ்த்த மனமுமாக அவர் பனையை விட்டு இறங்கினார்."