'ஐட்' என்று முடியாத கல்லைத் தண்ணீரில் போடலாமா?

சோதனைக்கு வரும் கல் காய்ந்த பொட்டலத்தில்தான் வரும். இப்போதெல்லாம் ஈரத்தோடு வருகிறது. கல்லின் சக்தி இறங்கும் என்று குடிநீரில் கல்லைப் போட்டுவைக்கிறார்கள். குடிநீர்க் குடுவையின் அடியில் கிடந்ததை எடுத்துத் துடைத்து, "நல்ல கல்தானா, கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுகிறார்கள். கடைசியாக அப்படி வந்தது ரத்தச் சிவப்பில், பிசின் போன்ற மினுமினுப்போடு ஒரு துண்டு. நகம் பட்டாலே கீறல் விழுந்தது. வெளிச்சம் பட்ட பக்கம் மஞ்சள் தூளாக உதிர்ந்திருந்தது. ரியல்கர். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். சித்த மருந்துச் சரக்குகளில் மனோசிலை என்ற பெயரில், பாடாணங்களோடு, அதாவது நஞ்சுச் சரக்குகளோடு, வைத்து எண்ணப்படுவது இதுதான். இதைக் குடிக்கிற தண்ணீரில் போட்டதற்குச் சொன்ன காரணம்: "பேர் 'ஐட்'னு முடியலையே!" பெயர் 'ஐட்' (-ite) என்று முடிகிற கல்லை மட்டும்தான் நனைக்கக் கூடாது என்று ஒரு விதி உலவுகிறது.

போதும். இதை எழுதியே ஆக வேண்டும்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்டது. அதன்பின் ஜெரால்ட் கார்ட்னர் என்பவர் வழியாக, சூனியத்தையும் இயற்கையையும் போற்றும் விக்கா என்ற நெறி வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அதையும் அதை ஒத்த இயற்கை வழிபாடுகளையும் சேர்த்துப் பேகன் நெறி என்கிறார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 74,000 பேர் தம்மைப் பேகன் என்றும், சுமார் 13,000 பேர் விக்கா என்றும் எழுதியிருக்கிறார்கள். இவர்களில் பலருடைய பீடத்தில் கல் இருக்கும். சடங்குக்கு வட்டம் போடும்போது வடக்கில், நிலத்துக்கு அடையாளமாக வைப்பார்கள். பௌர்ணமியில் நிலவொளியில் வைத்துச் 'சக்தி ஏற்றுவார்கள்'. கையில் பிடித்து மூச்சைச் சீராக்கி மனத்தை ஒருமுகப்படுத்துவார்கள். இவை எதிலும் எனக்குச் சண்டை இல்லை. கல்லைக் கண்ணியமாக நடத்துகிற மனிதர்கள் அவர்கள். எனக்குச் சண்டை அந்தத் தண்ணீரோடுதான்.

இப்போது அந்த 'ஐட்' விதி. செலினைட், ஹேலைட், மாலகைட், பைரைட் ஆகியவை தண்ணீருக்கு ஆகாதவை. எல்லாம் 'ஐட்' என்று முடிகின்றன. ஆகவே 'ஐட்' என்று முடிந்தால் நனைக்காதே, மற்றவற்றைத் தாராளமாக நனை. விதி இவ்வளவுதான். கேட்க எளிதாக இருப்பதால் ஒட்டிக்கொண்டது. ஆனால் 'ஐட்' என்பது கனிமத்துக்குப் பெயர் வைக்கும்போது சேர்க்கிற வால், கிரேக்கத்திலிருந்து வந்தது. கரையுமா, நஞ்சா என்பதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை. கரூரும் கடலூரும் 'ஊர்' என்று முடிவதால் இரண்டிலும் ஒரே மண்ணா இருக்கிறது?

எண்ணிப் பாருங்கள். கலேனா 'ஐட்' அல்ல. அதன் எடையில் சுமார் 86 சதவீதம் காரீயம். சினபார் 'ஐட்' அல்ல. அதுவும் ஏறக்குறைய அதே அளவு பாதரசம். நம் ஊரில் சாதிலிங்கம் என்கிறார்களே, அது. ஆர்பிமென்ட் 'ஐட்' அல்ல. அரிதாரம் என்கிற தாளகம் அது, ஆர்சனிக். ரியல்கரை மேலேயே பார்த்தோம். இந்த விதியை நம்புகிறவர் தேர்ந்தெடுத்தாற்போலக் கொடிய நான்கையும் 'பாதுகாப்பான' பக்கம் வைக்கிறார். அதேசமயம் நெஃப்ரைட்டும் ஜேடைட்டும் 'ஐட்' என்று முடிகின்றன. பச்சை ஜேடு என்று விற்கப்படும் இவற்றைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. ஒரு விதி இரண்டு பக்கமும் தவறினால் அதை விதி என்று சொல்லக் கூடாது.

இதை மறுத்தவுடன் அடுத்த விதி வருகிறது. "கடினத்தன்மை 5-க்கு மேல் இருந்தால் பரவாயில்லை" என்று. கடினத்தன்மையைச் சொல்லும் மோஸ் அளவு 1812-ல் வந்தது. எந்தக் கல் எதைக் கீறும் என்பதை மட்டும் சொல்லும் வரிசை அது. கற்கண்டைக் கடித்தால் பல் வலிக்கும். தண்ணீரில் போட்டால் காணாமல் போகும். கடினம் வேறு, கரைவது வேறு, நஞ்சு வேறு. பைரைட்டின் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரை. ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்தால் அது சிதைந்து கந்தக அமிலமும் இரும்புச் சல்பேட்டும் உண்டாகின்றன. அருங்காட்சியகங்களில் பைரைட் இப்படிப் பொடிந்து, கூடவே தன் அட்டைப்பெட்டியையும் அரித்துவிடுவது பழைய தலைவலி. செல்வம் சேர்க்கும் கல் என்று பீடத்தில் வைப்பவர்கள், பக்கத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். வெண்மையாகவோ மஞ்சளாகவோ தூள் பூத்தால் கழுவாதீர்கள். மற்றக் கற்களிடமிருந்து பிரித்துவிடுங்கள்.

செலினைட் பெயர் நிலவின் பெயர். கிரேக்கத்தில் செலினி என்றால் நிலா. அதனாலேயே பௌர்ணமி நீர் வைக்கும் பாத்திரத்துக்குள் முதலில் இறங்குவதும் அதுதான். செலினைட் என்பது ஜிப்சம். நகத்தால் கீறலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 2 கிராம் கரையும். கடையில் கோலாக விற்பவை பெரும்பாலும் இழையிழையான ஜிப்சம். பட்டுநூலை இறுக்கிக் கட்டியதுபோல் நெடுக வரி ஓடும். அதை ஓர் இரவு ஊறவைத்து எடுத்தால் பளபளப்பு போய்ச் சுண்ணாம்புக் குச்சிபோல் வெளுத்திருக்கும். விரலை ஓட்டினால் ஊசி போன்ற சிம்புகள் சதையில் ஏறும். ஜிப்சம் கொடிய நஞ்சு அல்ல. ஆனால் அந்தச் சிம்பைத் தொண்டைக்குள் அனுப்ப என்ன அவசியம்?

உள்ளதிலேயே என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மாலகைட். வட்டத்துச் சடங்கில் கிண்ணத்தில் ஒயினோ பழச்சாறோ இருக்கும். அதில் பச்சைக் கல்லைப் போட்டு, கை மாற்றிப் பருகுகிறார்கள். மாலகைட் தாமிரக் கார்பனேட். ஒயின், எலுமிச்சை, ஆப்பிள் சைடர் எல்லாமே புளிப்பு. மெருகிட்ட மாலகைட்டின் மேல் ஒரு துளி வினிகர் விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் துளியின் அடியில் கண்ணாடி மெருகு மங்கி, வட்டமாக ஒரு தழும்பு தெரியும். அங்கே காணாமல் போனது துளிக்குள் இருக்கிறது. செம்புப் பாத்திரத்தில் புளி ஊற்றிச் சமைக்க வேண்டியிருந்ததால்தானே நம் வீடுகளில் ஈயம் பூசினார்கள்? அது தெரிந்த நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. அசுரைட், கிரிசோகொல்லா, டர்க்காய்ஸ் எல்லாம் தாமிரக் குடும்பம்தான். ஆழ்ந்த நீலப் படிகம் என்று அழகாக வளர்த்து விற்கப்படும் சால்கந்தைட்டோ அப்பட்டமான மயில்துத்தம். தண்ணீரில் போட்டவுடன் கரையும், குடித்தால் ஆளைக் கவிழ்க்கும். தயவுசெய்து, கிண்ணத்துக்குள் கல் வேண்டாம். கிண்ணத்தின் அருகில் வையுங்கள்.

"குவார்ட்ஸ் மட்டும் போடலாமா?" என்று கேட்பீர்கள். குவார்ட்ஸ் கரையாது, உண்மை. ஆனால் உங்கள் கையில் இருப்பது வெறும் குவார்ட்ஸா? உருட்டி மெருகேற்றிய கல்லின் விரிசலில் மெருகுப்பொடி தங்கியிருக்கலாம், பிசின் ஏற்றியிருக்கலாம், சாயம் போட்டிருக்கலாம், உள்ளே வேறு கனிமத்தின் ஊசிகள் இருக்கலாம். கண்ணால் பார்த்து இதையெல்லாம் நானே சொல்லிவிட முடியாது. கல்லின் சக்தி ஏற்றிய நீர் கட்டாயம் வேண்டுமென்றால் வழி இதுதான். மூடி உள்ள 500 மி.லி. கண்ணாடிப் போத்தலில் குடிநீரை நிரப்பி இறுக மூடுங்கள். அதை ஒரு தட்டின் நடுவில் வைத்துக் கற்களைச் சுற்றி அடுக்குங்கள். ஓர் இரவு வைத்து, மறுநாளே குடித்து முடியுங்கள். மூடியைத் திறந்து நிலாவுக்குக் காட்ட வேண்டியதில்லை. கண்ணாடி வழியே வெளிச்சம் போகும், கொசுவும் தூசியும் போகாது.

உப்பு நீரில் ஊறவைத்துச் 'சுத்தி செய்வது' கல்லுக்குச் செய்யும் கொடுமை. ஓப்பலுக்குள் இயல்பாகவே நீர் இருக்கிறது. ஈரமும் வறட்சியும் மாறி மாறித் தாக்கினால் வலை வலையாக வெடிக்கும். லாபிஸ் என்ற நீலக் கல்லில் பைரைட்டும் கால்சைட்டும் கலந்திருக்கும். மென்மையான உலர்ந்த தூரிகை, ஒரு மணியோசை, கொஞ்சம் புகை போதும். புகைக்குச் சாம்பிராணிக் கரிவில்லை வைப்பவர்கள், கிண்ணத்தில் இரண்டு விரற்கடை மணல் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். அடைத்த அறையில் கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணம் கிடையாது.

வெயில். ஆண்டின் மிக நீண்ட பகலான, கோடைச் சங்கராந்தி லீத்தாவன்று கல்லை நாள் முழுக்க வெயிலில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. செவ்வந்திக் கல்லும் (அமெதிஸ்ட்) குன்சைட்டும் நிறம் வெளுக்கும். போன நிறம் நிலவொளியில் திரும்பாது. ஆனால் வெளுப்பு பெரிதல்ல, தீதான் பெரிது. படிகக் கோளம் ஒரு பூதக்கண்ணாடி. 8 செ.மீ. விட்டமுள்ள குவார்ட்ஸ் கோளத்தில் வெயில் பட்டால், மறுபுறம் பரப்பிலிருந்து ஏறக்குறைய 1.7 செ.மீ. தொலைவில் ஒளி குவியும். கோளத்தைத் தாங்கும் பட்டுத்துணியும் மரத் தாங்கியும் இருக்கிற இடம் சரியாக அதுதான். வானிலை நிலையங்களில் வெயில் நேரத்தைப் பதிய காம்ப்பெல்–ஸ்டோக்ஸ் கருவி என்று ஒன்று உண்டு. அது ஒரு கண்ணாடிக் கோளமும் பின்னால் ஓர் அட்டையும் மட்டுமே. சூரியன் நகர நகர அட்டை கருகிக்கொண்டே போகும், அந்தக் கருகலின் நீளம்தான் அளவீடு. உங்கள் பீடத்தில் இருப்பது அதே கருவி, அட்டைக்குப் பதில் மேசைவிரிப்பு. "குளிர்காலந்தானே" என்று இருக்க வேண்டாம். ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டி வரும் யூல் பண்டிகையின்போது லண்டனில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 15 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அதனால் வெயில் அறையின் உள்சுவர்வரை வரும். லண்டன் தீயணைப்புப் படை இந்தக் கோளங்களைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வீட்டைவிட்டுப் போகும்போது கோளத்தின் மேல் கனத்த, ஒளி புகாத துணியைப் போட்டு மூடுங்கள். அல்லது அலமாரிக்குள் வையுங்கள்.

வாங்கும்போது இரண்டு சோதனைகள். நீல 'டர்க்காய்ஸ்' மலிவாகக் கிடைத்தால், பஞ்சில் நகச்சாய நீக்கி தொட்டுக் கண்ணுக்குப் படாத மூலையில் தேயுங்கள். பஞ்சு நீலமானால் அது சாயமேற்றிய ஹவ்லைட் அல்லது மேக்னசைட் என்ற வெள்ளைக் கல். சில சாயங்கள் பிசினுக்குள் பூட்டியிருப்பதால், பஞ்சு வெள்ளையாகவே இருந்தாலும் முழுக்க நம்ப வேண்டாம். 'காந்த ஹெமடைட்' மணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு தொங்கினால், அது இயற்கை ஹெமடைட் அல்ல. ஆலையில் செய்த காந்தம். குழந்தைகள் உள்ள வீட்டில் இது வேண்டவே வேண்டாம். இரண்டு மணிகளை விழுங்கினால், குடலின் இரு மடிப்புகளை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளை போட்டுவிடும். சந்தையில் உள்ள சிட்ரின் என்ற மஞ்சள் கல்லில் பெரும்பகுதி செவ்வந்திக் கல்லைச் சூடாக்கியது, ஓபலைட் என்பதோ வெறும் கண்ணாடி. இவற்றால் உடம்புக்குக் கேடில்லை, பணத்துக்குத்தான்.

வீட்டில் துளையிட்டுப் பதக்கம் செய்கிறவர்களே, கல்லைத் தண்ணீருக்குள் மூழ்க வைத்துத் துளையுங்கள், கரண்டுக் கம்பியை நீரிலிருந்து தள்ளி வையுங்கள். குவார்ட்ஸ் தூள் நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். திரும்பி வராத நோய். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் கல் தீட்டுகிற குடும்பங்கள் இதை உயிரால் அறிந்தவர்கள். மாலகைட்டை வீட்டில் அறுக்கவே வேண்டாம்.

கையில் கல்லைப் பிடித்ததும் விரல் சுருசுருக்கிறது, உதடு மரக்கிறது, தலை லேசாகிறது என்றால், முதலில் உங்கள் மூச்சைக் கவனியுங்கள். வேகமாக ஆழ்ந்து இழுத்தால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து இதே உணர்வுகள் வரும். நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரி உளவியலாளர் கிறிஸ்டோபர் பிரெஞ்ச், 2001-ல் 80 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார். பாதிப்பேர் கையில் உண்மைப் படிகம், பாதிப்பேர் கையில் போலி. வெதுவெதுப்பு, சுருசுருப்பு என்று இருதரப்பும் ஒரே மாதிரி உணர்வுகளைச் சொன்னார்கள். நான் இதை உங்கள் வழிபாட்டைக் குறைத்துச் சொல்ல எடுக்கவில்லை. கவனமும் எண்ணமும் உங்களிடமிருந்து வருகின்றன என்றால், நஞ்சில்லாத சாதாரணப் பால்வெள்ளைக் குவார்ட்ஸ் எல்லா வேலைக்கும் போதும் என்பதற்காகச் சொல்கிறேன். தைராய்டு மாத்திரையையும் இன்சுலினையும் நிறுத்திவிட்டுக் கல்லைக் கட்டிக்கொள்ளாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஏற்கெனவே குடித்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம், உடனே நிறுத்துங்கள். கட்டாயப்படுத்தி வாந்தி எடுக்கக் கூடாது. வயிற்றுவலி, வாந்தி, வாயில் உலோகச் சுவை இருந்தால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் 111-ஐ அழைக்கலாம். மீதித் தண்ணீரை ஒரு மூடிய போத்தலிலும், கல்லைத் தனிப் பையிலும் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் சொன்ன பெயரை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு போகாதீர்கள், கல்லைக் காட்டுங்கள்.