கொன்சோர்தெரியா: தமிழில் எப்படிச் சொல்வது?

1861 முதல் 1876 வரை இத்தாலியை ஆண்ட வலதுசாரி அமைச்சரவைகளை, குறிப்பாகப் பிரதமராக இருந்த மார்கோ மிங்கெத்தியைச் சுற்றியிருந்தவர்களை, எதிராளிகள் ஏசிய இத்தாலியச் சொல் 'கொன்சோர்தெரியா'. இதைக் 'கும்பல்' என்று பெயர்த்தால் வசை மட்டும்தான் மிஞ்சும், உள்ளே இருக்கும் உறவு போய்விடும்.

வேர் லத்தீன். 'கொன்' என்றால் கூட. 'சோர்ஸ்' என்றால் பங்கு. பாகம் பிரிக்காத குடும்பச் சொத்தில் கூட்டுரிமை உள்ளவர் 'கொன்சோர்ஸ்'. வணிகச் செய்திகளில் நிறுவனக் கூட்டணியைக் குறிக்க வருகிற கன்சார்டியமும் இதே வேரில் வந்ததுதான். இடைக்காலப் புளோரன்சில் பிரபுக் குடும்பங்கள், பெரும்பாலும் ஒரே வம்சத்தார், கோபுரத்தைப் பொதுவில் வைத்துக்கொண்டு பகை வந்தால் ஒன்றாக நின்றார்கள். அந்தக் கட்டுக்குத்தான் முதலில் இந்தப் பெயர்.

அப்புறம் அது அரசியலுக்கு வந்தது. 1864 செப்டம்பரில் மிங்கெத்தி அமைச்சரவை பிரான்சோடு ஒப்பந்தம் செய்து, தலைநகரைத் தூரினிலிருந்து புளோரன்சுக்கு மாற்ற ஒப்புக்கொண்டது. தூரினில் கலவரம் வெடித்தது, அமைச்சரவை போனது. புளோரன்சு இருக்கும் தொஸ்கானா, எமிலியா, லொம்பார்தியா ஆகிய பகுதிகளின் மேட்டுக்குடியினர் தங்களுக்குள் நாட்டைப் பங்குபோடுவதாகவே, தூரின் இருக்கும் பியெத்மோந்துப் பகுதிக்காரர்கள் நினைத்தார்கள். அன்று வாக்குரிமை மக்களில் சுமார் 2 சதவீதத்தினருக்கு மட்டுமே. 1869 முதல் ஏழைகள் மாவரைக்கவும் வரி கட்டினார்கள். பெயர் ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. ஆனால் கடனில் தொடங்கிய நாட்டின் வரவையும் செலவையும் சரிக்கட்டியவர்களும் இவர்கள்தான். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

தமிழில் நான் சொல்வது 'பங்காளிக் கூட்டம்'. பங்குடையவர், தந்தைவழி உறவினர் என்ற இரண்டு பொருளும் 'பங்காளி'யில் அப்படியே இருக்கின்றன. பங்காளிச் சண்டையும் கூடவே வந்துவிடுகிறது. அதுவும் இங்கே பொருந்தும். 1876 மார்ச் 16 அன்று வரவு செலவு சமநிலைக்கு வந்துவிட்டதாக மிங்கெத்தி அறிவித்தார். ரயில்வேயை அரசே நடத்த வேண்டும் என்பது அவர் திட்டம். பெருத்ஸி தலைமையிலான தொஸ்கானாக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. மார்ச் 18 அன்று அவர்கள் இடதுசாரிகளோடு சேர்ந்து வாக்களித்து, சொந்த அமைச்சரவையையே கவிழ்த்தார்கள். இடதுசாரித் தலைவர் தெப்ரெதிஸ் பதவிக்கு வந்தார்.

எதிர்த்தரப்பின் பேச்சைப் பெயர்க்கும்போதுதான் 'பங்காளிக் கூட்டம்' சரி. எழுதுபவரே அவர்களைக் குறிப்பிடும் இடத்தில் 'மிதவாதிகள்' என்று எழுதலாம்.