மருத்துவச் சொல்லுக்கு உயிர் வாலில்தான்

ஹிஸ்டரெக்டமி, லேபரோடமி, கொலோஸ்டமி. டிஸ்சார்ஜ் சம்மரியில் பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் மூன்றும் வேறு வேறு ஆபரேஷன், அந்த வேறுபாட்டைச் சொல்வது சொல்லின் வால்தான்.

கிரேக்கத்தில் 'டோமே' என்றால் வெட்டு. வெறும் 'ஓடமி' என்று முடிந்தால் கத்தி வைத்துத் திறந்தார்கள் என்று மட்டும்தான் பொருள். லேபரோடமி என்பது வயிற்றைத் திறப்பது. அந்த வெட்டுக்கு முன்னால் 'வெளியே' என்று பொருள்படும் 'எக்' வந்து ஒட்டினால் 'எக்டமி', அதாவது வெட்டி எடுத்தே விட்டார்கள். ஹிஸ்டெரா என்பது கர்ப்பப்பை, ஆகவே ஹிஸ்டரெக்டமி என்றால் கர்ப்பப்பை அகற்றம். மூன்றாவதில் வெட்டைவிட வாய்தான் முக்கியம், ஏனென்றால் 'ஸ்டோமா' என்றால் வாய்: பெருங்குடலை வயிற்றுத் தோல் வரை கொண்டுவந்து ஒரு திறப்பு வைப்பார்கள், மலம் அந்த வழியாக வெளியே ஒட்டியிருக்கும் பைக்குப் போகும். கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றில் எது என்று குடும்பத்தில் ஒருவராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'ஐடிஸ்' கதை வேறு. பழைய கிரேக்கத்தில் அதற்கு 'சார்ந்த' என்றுதான் பொருள், ஆர்த்ரைடிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய். அப்புறம்தான் அது அழற்சிக்கே உரிய விகுதியாக மாறியது. 1886இல் அமெரிக்க மருத்துவர் ரெஜினால்ட் ஃபிட்ஸ், லத்தீன் 'அப்பெண்டிக்ஸ்' என்ற சொல்லோடு இதைச் சேர்த்து அப்பெண்டிசைடிஸ் என்று பெயர் வைத்தார். பாதி லத்தீன், பாதி கிரேக்கம், ஆனாலும் நிலைத்துவிட்டது.

ஆளை அதிகம் பயமுறுத்துவது 'ஓமா'. ரிப்போர்ட்டில் அதைப் பார்த்ததும் புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லிப்போமா வெறும் கொழுப்புக் கட்டி, பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தராது. ஹீமட்டோமா என்றால் அடிபட்ட இடத்தில் இரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறது. கிளாக்கோமாவில் கட்டியே கிடையாது, அது பார்வை நரம்பு கெடும் கண்நோய். ஆனால் கார்சினோமா, லிம்போமா, மெலனோமா மூன்றும் புற்றுநோய்தான். இந்த ஒரு இடத்தில் வாலை மட்டும் நம்பக் கூடாது, தலையையும் பார்க்க வேண்டும்.

'ஓமா' இல்லாத புற்றுநோயும் உண்டு. லுக்கீமியாவின் வால் 'ஈமியா', இரத்தத்தைக் குறிக்கும் 'ஹைமா'விலிருந்து வந்தது; முன்னால் இருப்பது 'லியூகோஸ்', வெள்ளை. நோயாளியின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததைக் கண்ட ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் ஃபிர்ஷோ, 1847இல் அதற்கு வைத்த பெயர் இது.